பழைய பேரேடும் புதிய பேரேடும்

(நம் கிளப் ஹவுஸ் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அன்று வர இயலாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால், பேசியதை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். நான் பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் இன்ஜினியர் அல்ல. ஆனால் ஓய்வுக்குப் பிறகு பழைய கணினி விளையாட்டுகளை ஆடிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. இது நம் வளாகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும்.

இந்தத் தலைப்பில் பேச இரண்டு காரணங்கள். முதல் காரணம், ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆடும் பையன்கள் சிலர் லிஃப்ட் அருகே என்னை நிறுத்தி, “அங்கிள், முதல் பாகம் வாங்கணும். பழையதை வாங்குறதா, என்ஹான்ஸ்டு எடிஷன் வாங்குறதா?” என்று கேட்டார்கள். இரண்டாவது காரணம், நம் கிளப் ஹவுஸ் மாடியறையில் இருக்கும் இரண்டு பழைய கணினிகளையும், ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கும் ஃபிளாப்பி, சி.டி.க்களையும் மின்கழிவில் போட்டுவிடலாம் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு விஷயம் போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். ஒன்றைப் புதுப்பிக்கும்போது பழையதை என்ன செய்வது?

எந்த வகை விளையாட்டு?

பெரியவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்து பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அர்ஜுனன் வேடம் கட்டியவர் அன்று இரவு முழுக்க அர்ஜுனன்தான். கணினியில் ‘ரோல் பிளேயிங்’ விளையாட்டு என்பது ஏறக்குறைய அதுதான். நீங்கள் ஒரு வேடத்தை ஏற்கிறீர்கள். போர்வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஏதோ ஒன்று. அந்த ஆளாக ஊர் ஊராகப் போகிறீர்கள், பேசுகிறீர்கள், சண்டை போடுகிறீர்கள், முடிவெடுக்கிறீர்கள்.

இதன் மூலம் அமெரிக்காவில் 1974-ல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. காகிதம், பென்சில், இருபது முகம் கொண்ட பகடை, கதையை நடத்திச் செல்ல ஒருவர், இவ்வளவுதான் தேவை. நம் தாயக்கட்டைக்கு அது தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணினி வந்தபோது, பகடை உருட்டும் வேலையையும் கணக்கு வைக்கும் வேலையையும் கணினி எடுத்துக்கொண்டது.

கணக்கு என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். இந்த விளையாட்டுகளில் ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. பலம் இவ்வளவு, அறிவு இவ்வளவு, மிச்சமிருக்கும் உயிர்ப்புள்ளி இவ்வளவு, கையிருப்புத் தங்கம் இவ்வளவு. அடி வாங்கினால் பற்று, மருந்து குடித்தால் வரவு. பேரேட்டில் ஒரு வாடிக்கையாளரின் பக்கம் எப்படியோ அப்படியேதான். மற்றவர்களுக்கு டிராகன் தெரியும். எனக்கு லெட்ஜர் தெரியும்.

ஏன் மறுபடி வெளியிட வேண்டும்?

புத்தகத்தை நூறு வருஷம் கழித்தும் பிரித்துப் படிக்கலாம். கணினி விளையாட்டு அப்படி இல்லை. 1980-களில் ஆப்பிள் 2 கணினியின் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி ஒரு பக்கத்தில் 140 கிலோபைட்தான் கொள்ளும். இன்று நம் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒரு காலை வணக்கப் படமே அதைவிடப் பெரியது. அந்த ஃபிளாப்பியைப் படிக்கும் கருவி இன்று கடையில் இல்லை. இருந்தாலும் அதில் உள்ள நிரலை இன்றைய விண்டோஸ் நேரடியாக ஏற்காது. ஃபிளாப்பியில் இருக்கும் காந்தப் பூச்சும் பூஞ்சை பிடித்து உதிர்கிறது. நம்முடையது கடற்கரைப் பிரதேசம். பால்கனி கிரில்லுக்கே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடிக்கிறோம். உப்புக்காற்று கணினியை மட்டும் விட்டுவைக்குமா?

ஆகவே மறுவெளியீடு அவசியம்தான். ஆனால் மறுவெளியீடு என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் ஒரே வகை அல்ல. நான் பார்த்தவரையில் நான்கு வகைகள் இருக்கின்றன. நாமெல்லாம் வீடு, ஃபிளாட் என்று பேசுகிறவர்கள். அதனால் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்.

முதல் வகை: பெயர்த்து வைத்த வீடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறதே, நம்மில் பலர் உறவினர் வந்தால் அழைத்துப்போகும் இடம். 1996-ல் திறந்தது. தமிழ்நாடு, கேரளம் என்று தென் மாநிலங்களில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். மரத்தூண் அதே தூண், திண்ணை அதே திண்ணை. மண் மட்டும் புதிது.

விளையாட்டில் இதைச் செய்வது ‘டாஸ்பாக்ஸ்’ என்ற இலவச மென்பொருள். இன்றைய கணினிக்குள் பழைய டாஸ் கணினி ஒன்று இருப்பதுபோல் பாவனை செய்யும். அதற்குள் பழைய விளையாட்டு எந்த மாற்றமும் இல்லாமல் ஓடும். 2008-ல் தொடங்கிய ஜிஓஜி என்ற போலந்து நாட்டு விற்பனைத் தளம் இந்த முறையில்தான் நிறையப் பழைய விளையாட்டுகளை விற்கிறது.

இந்த வகைக்கு நான் சொல்லும் உதாரணம் ‘அல்டிமா 4’. ரிச்சர்ட் கேரியட் என்பவர் உருவாக்கி 1985-ல் வந்தது. அதன் துணைத் தலைப்பில் இருக்கும் சொல் ‘அவதார்’. ஆமாம், நம் அவதாரம்தான். மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் பார்க்கிறோமே, அந்தச் சொல் கடல் கடந்து ஆப்பிள் கணினியில் போய் உட்கார்ந்துவிட்டது. இந்த விளையாட்டில் கொல்ல வேண்டிய வில்லன் கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு குணங்களில் நீங்கள் தேற வேண்டும். அதுதான் வெற்றி.

அதில் ஒரு கடை வரும். மந்திரத்துக்கான மூலிகை விற்கும் கடை. விற்கிறவருக்குப் பார்வை இல்லை. எவ்வளவு தொகை என்று சொல்வார், எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் சரக்கு கிடைக்கும், யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் உள்ளே நேர்மைக் கணக்கில் புள்ளி குறைந்துகொண்டே வரும், திரையில் அது தெரியாது. கவுண்டரில் உட்கார்ந்தே காலம் கழித்தவன் நான். அந்த இடத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் யோசித்தேன்.

இதன் டாஸ் பதிப்பு ஜிஓஜி தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மூலிகைக் கடையும் இருக்கிறது, நேர்மைக் கணக்கும் இருக்கிறது. ஆனால் இரண்டு குறைகள். அன்று ஆப்பிள் கணினியில் தனி ஒலி அட்டை வைத்திருந்தவர்களுக்கு இசை கேட்டது, டாஸ் பதிப்பில் இசை இல்லை. ரசிகர்கள் பிற்பாடு தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். இன்னொன்று, பழைய பெட்டியில் துணியில் அச்சிட்ட ஒரு வரைபடம், உலோகச் சின்னம் ஒன்று, இரண்டு கையேடுகள் இருந்தன. எந்த மந்திரத்துக்கு எந்த மூலிகை என்பது கையேட்டில்தான் இருக்கும். இப்போது அவை பி.டி.எஃப். கோப்புகளாக வருகின்றன. அதைப் படிக்காமல் ஆரம்பித்துவிட்டு “ஒண்ணும் புரியலை” என்று சொல்லும் பிள்ளைகளுக்கு என் பதில்: கையேடும் விளையாட்டின் பாகம்தான். முதலில் அதைத் திறந்து படியுங்கள்.

இரண்டாம் வகை: பழைய அஸ்திவாரத்தின் மேல் கட்டியது

மாமல்லபுரத்திலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் சாளுவன்குப்பம். புலிக்குகை இருக்கும் ஊர். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து தொல்லியல் துறையினர் தோண்டியதில் ஒரு முருகன் கோயில் கிடைத்தது. பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானம். அதன் அடியில் பார்த்தால் அதைவிடப் பழைய செங்கல் கோயில். பழையதை இடிக்காமல் அதன் மேலேயே புதியதை எழுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் இன்று நம்மால் இரண்டையும் பார்க்க முடிகிறது.

‘விசர்ட்ரி’ என்ற விளையாட்டின் கதையும் அப்படித்தான். 1981-ல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் இருவரும் எழுதியது. ஆறு பேர் கொண்ட குழுவோடு பத்து அடுக்கு நிலவறைக்குள் இறங்க வேண்டும். திரையில் வெறும் கோடுகள்தான். ஒவ்வொரு அடுக்கும் இருபதுக்கு இருபது கட்டம். கிராஃப் தாளில் நீங்களே வரைபடம் போட்டுக்கொள்ள வேண்டும். ஆள் செத்தால் உடனே அது ஃபிளாப்பியில் பதிவாகிவிடும். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆரம்பிக்கும் சலுகை கிடையாது.

இதை ‘டிஜிட்டல் எக்ளிப்ஸ்’ என்ற நிறுவனம் 2024-ல் புதுப்பித்து வெளியிட்டது. கண்ணைக் கவரும் முப்பரிமாணப் படங்கள், தானாக வரையும் வரைபடம், எல்லாம் உண்டு. இதன் இசைக்கு 2025-ல் கிராமி விருதே கிடைத்தது. ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. அடியில் ஓடுவது 1981-ன் அதே பழைய நிரல். திரையின் மூலையில் ஒரு சின்னச் சன்னல் போல, அந்தக் கணத்தில் பழைய ஆப்பிள் திரை எப்படி இருந்திருக்கும் என்பதைக் காட்டிக்கொண்டே இருக்கலாம். பழைய விதி கடுமையாக இருந்தால் சலுகை விதியை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் பழைய விதியோடே ஆடலாம்.

‘டயப்லோ 2’ இன்னொரு நல்ல உதாரணம். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் 2000-களில் இரவெல்லாம் ஓடிய விளையாட்டு. இங்கே நாற்பதைத் தாண்டிய சிலர் சிரிப்பதைப் பார்க்கிறேன். 2000-ல் வந்தது, 2021-ல் ‘ரிசரெக்டட்’ என்ற பெயரில் புதுப்பித்தார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே விசைப்பலகையில் ஜி எழுத்தை அழுத்தினால் படம் முழுக்கப் பழைய தோற்றத்துக்கு மாறிவிடும். மறுபடி அழுத்தினால் புதியது. ஏனென்றால் உள்ளே கணக்குப் போடுவது பழைய விளையாட்டுதான், புதிய படம் அதன் மேல் போர்த்திய சால்வை. இதைவிட ஒரு செய்தி உண்டு. தன் கணினியில் தனியாக ஆடிப் பழைய கோப்பாகச் சேமித்து வைத்திருந்த ஆட்களையே புதிய பதிப்பில் கொண்டுவந்து தொடர்ந்து ஆட முடிந்தது.

இருபது வருஷம் கழித்து முன்னிருப்பு அப்படியே கொண்டுவரப்பட்டது! வங்கிக்காரன் இதற்குக் கைதட்டாமல் வேறு எதற்குத் தட்டுவான்?

மூன்றாம் வகை: கூட்டிக் கட்டியது

இப்போது பையன்களின் கேள்விக்கு வருகிறேன். ‘பால்டர்ஸ் கேட்’ 1998 டிசம்பரில் ஐந்து சி.டி.க்களில் வந்தது. செய்தது கனடாவின் பயோவேர் நிறுவனம். அதைத் தொடங்கியவர்கள் மருத்துவர்கள். 2012-ல் ‘பீம்டாக்’ குழு அதன் என்ஹான்ஸ்டு எடிஷனைக் கொண்டுவந்தது.

நம் ஃபிளாட்டில் பால்கனியை மூடி ஒரு அறை ஆக்குவோமே, அந்த மாதிரி வேலை இது. முதல் பாகம் இப்போது இரண்டாம் பாகத்தின் மேம்பட்ட இயக்க அமைப்பில் ஓடுகிறது. பெரிய திரைக்கு ஏற்ப விரிகிறது, டேப்லெட்டிலும் ஆடலாம். வசதிதான். ஆனால் நீரா, டோர்ன், ரசாத் என்று மூன்று புதிய துணைப் பாத்திரங்களையும் அவர்களுக்கான கிளைக்கதைகளையும் சேர்த்திருக்கிறார்கள். முதல் முறை ஆடுகிறவருக்கு எது 1998, எது 2012 என்று பிரித்துச் சொல்ல முடியாது. புதிய அறை நன்றாகவே இருக்கலாம், ஆனால் மூல வரைபடத்தில் அது இல்லை.

அதோடு ஒரு வருத்தமான விஷயம். பின்னணி ஓவியங்களை இன்றைய திரைக்கேற்பத் துல்லியமாக மறுபடி உருவாக்க அவர்களால் முடியவில்லை. மூல ஓவியக் கோப்புகளே தொலைந்துவிட்டதாகச் சொன்னார்கள். அதனால் பழைய படத்தையே பெரிதாக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆனாலும் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஜிஓஜியில் என்ஹான்ஸ்டு எடிஷனை வாங்கினால் பழைய பதிப்பும் கூடவே கிடைக்கிறது. ஆகவே தம்பிகளே, அங்கே ஒன்றை வாங்கினாலே இரண்டும் உங்கள் கையில். முதலில் புதியதை ஆடுங்கள், கதை பிடித்துப்போனால் பழையதைத் திறந்து நகர வாசல் வரையாவது நடந்து பாருங்கள்.

நான்காம் வகை: இடித்துக் கட்டியது

இது நமக்கெல்லாம் நெஞ்சில் பதறும் வார்த்தை. ரீடெவலப்மென்ட்!

‘ஃபைனல் ஃபேன்டசி’ ஜப்பானில் பிறந்த வரிசை. முதல் ஆறு பாகங்களையும் 2021, 2022-ல் ‘பிக்சல் ரீமாஸ்டர்’ என்று புதிதாக வெளியிட்டார்கள். ஐந்தாம், ஆறாம் பாகங்களுக்கு அதற்கு முன்பே ஒரு கணினிப் பதிப்பு விற்பனையில் இருந்தது. படங்களை அளவுக்கு மீறி வழவழப்பாக்கிவிட்டார்கள் என்று அதைக் குறை சொன்னவர்கள் அதிகம். புதிய வரிசை வரப்போகிறது என்றதும் 2021 ஜூலையில் அந்தப் பதிப்புகளைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதிய ஐந்தாம் பாகம் வந்தது நவம்பரில். ஆறாம் பாகம் அடுத்த வருஷம் பிப்ரவரியில். இடையில் புதிதாக வாங்க நினைத்தவருக்குக் கணினியில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இடையில் வந்த பதிப்புகளில் சேர்த்திருந்த கூடுதல் நிலவறைகளும் புதியதில் இல்லை.

புதியது தரம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. தோற்றத்தில் அது பழைய மூலத்துக்கு நெருக்கமானதுதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பையே எடுத்துவிட்டால், புதுப்பித்தவர் சொல்வதுதான் வரலாறு என்று ஆகிவிடும். பழைய பேரேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிய பேரேடு சரியாக இருக்கிறது என்று சொன்னால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

மூலமே தொலைந்தால்

இதற்கும் மேலே ஒரு நிலை உண்டு. ‘ஐஸ்விண்ட் டேல் 2’ என்ற 2002-ன் விளையாட்டை பீம்டாக் குழு புதுப்பிக்க விரும்பியது. முடியவில்லை. பணமோ ஆளோ இல்லாததால் அல்ல, மூல நிரல் எங்கும் கிடைக்கவில்லை. நாம் வாங்கி ஆடும் பதிப்பு சமைத்த சோறு மாதிரி. மூல நிரல் என்பது அரிசி. சோற்றிலிருந்து அரிசியை எடுக்க முடியாது.

‘ஃபால்அவுட்’ கதை இன்னும் சுவையானது. 1997-ல் அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் டிம் கெய்ன். இண்டர்பிளே நிறுவனத்தை விட்டு வெளியேறியபோது, தான் சேர்த்து வைத்திருந்த கோப்புகளையெல்லாம் அழித்துவிடும்படி தனக்கு உத்தரவு வந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். மூலம் போயிற்று என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, 2025-ல் ரெபெக்கா ஹைன்மேன் முன்வந்தார். இண்டர்பிளேயைத் தொடங்கியவர்களில் ஒருவர் இவர். நிறுவனத்தின் பத்தாண்டு நிறைவுக்கு ஒரு தொகுப்பு போட வேண்டி வந்தபோது, பழைய விளையாட்டுகளின் நிரல் நிறுவனத்திடமே இல்லை என்பது அவருக்குத் தெரியவந்தது. அதிலிருந்து கைக்கு எட்டியதையெல்லாம் படியெடுத்து வைக்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டார். ஃபால்அவுட்டின் நிரலும் அப்படித்தான் அவரிடம் இருந்தது.

யாரும் அவரை அந்த வேலைக்கு நியமிக்கவில்லை. ஒரு தனி மனிதர், ஒரு பழக்கம், ஒரு படி. அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்பது அதன் முடிவு. மறுவெளியீடு கண்டது மீதி 13 சதவீதம் மட்டும்தான். மற்றவை யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருந்தால்தான் உண்டு.

வங்கியில் நாங்கள் செய்தது

வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு 1984-ல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வரத் தொடங்கின. பின்னால் முழுக் கணினி, அதற்கும் பின்னால் எல்லாக் கிளைகளையும் இணைத்த கோர் பேங்கிங். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு விதி இருந்தது. கொஞ்ச காலம் பழைய பேரேட்டிலும் எழுது, புதிய இயந்திரத்திலும் ஏற்று. இரண்டின் இருப்பும் ஒரு பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போன பிறகும் பழைய பேரேட்டைத் தூக்கிப் போட மாட்டோம். கட்டுக் கட்டி, எண் போட்டு, ஆவண அறையில் வைப்போம். குறித்த காலம் முடிந்து, அனுமதி வாங்கிய பிறகுதான் அழிப்பு.

மறுவெளியீட்டை நான் எடைபோடும் முறையும் அதுதான். மூன்றே கேள்விகள் கேட்பேன். பழைய விளையாட்டின் கணக்கும் விதியும் குறையாமல் வந்திருக்கிறதா? புதிதாகச் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்க முடிகிறதா? பழையது இன்னும் கிடைக்கிறதா? படம் அழகாக இருக்கிறதா என்பது நான்காவது கேள்வி. அதை முதல் கேள்வியாகக் கேட்டால் விற்பவர் சிரிப்பார், அவ்வளவுதான்.

மாமல்லபுரத்துக் கடைத்தெருவில் அர்ஜுனன் தபசுச் சிற்பத்தின் சிறு பிரதிகள் எத்தனையோ விற்கின்றன. உளிச் சத்தம் நின்ற பாடில்லை. சிலது நேர்த்தியானவை, சிலது சுமார். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் பாறை அங்கேயே இருக்கிறது. சந்தேகம் வந்தால் நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பாறையிலேயே உளியை வைத்து ‘இன்றைய ரசனைக்கு’ மூக்கைத் திருத்தினால் அப்போதுதான் ஆபத்து.

நம் அட்டைப்பெட்டி

கடைசியாக, மாடியறைப் பெட்டிக்கு வருகிறேன். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது நம்மில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. வளாகம் தொடங்கிய காலத்தில் பல வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து போட்டது. அசல் விளையாட்டுகள் இருக்கலாம், பிள்ளைகள் அன்று ஆடிச் சேமித்தவை இருக்கலாம், யாரோ ஒருவர் வீட்டுக் குடும்பப் படங்களும் இருக்கலாம். மின்கழிவை அங்கீகாரம் பெற்றவரிடம் ஒப்படைப்பது சரியான காரியம், நான் அதற்கு எதிரி இல்லை. பார்க்காமல் ஒப்படைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

என் கோரிக்கைகள் இவை:

1. தீர்மானத்தை ஒரு காலாண்டு தள்ளி வையுங்கள். கூடுதல் செலவு எதுவும் இல்லை, ஓர் அலமாரியின் கீழ்த்தட்டு போதும்.

2. பெட்டியில் இருப்பதைப் பட்டியல் எடுக்க இரண்டு மாணவர்களை என்னோடு விடுங்கள். எண், தலைப்பு, ஆண்டு, யார் கொடுத்தது என்று நோட்டுப் புத்தகத்தில் பதிவோம்.

3. மூன்றரை அங்குல ஃபிளாப்பியை யு.எஸ்.பி. டிரைவ் மூலம் இன்றும் படிக்கலாம். மூலையில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வைத்துவிட்டால் அதில் தவறுதலாக எதுவும் எழுதப்படாது. அதன் பிறகே கணினியில் போட வேண்டும். சி.டி.யில் இருப்பதை முழுப் படியாக எடுத்து இரண்டு இடங்களில் வைக்க வேண்டும்.

4. முறையாக வாங்கிய மென்பொருளை, கெட்டுப்போகாமல் இருப்பதற்காகப் படியெடுத்து வைத்துக்கொள்ள 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் இடம் தருகிறது. அந்தப் படியை ஊருக்கெல்லாம் கொடுக்க இடம் தரவில்லை. ஆகவே அந்தந்த வீட்டுக்காரரின் சி.டி.யும் படியும் அவரவரிடமே போகும். வாட்ஸ்அப் குழுவில் “அங்கிள், லிங்க் ப்ளீஸ்” வேண்டாம்.

5. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு முறை பாருங்கள். பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன், அதில் உங்கள் மகனோ மகளோ பத்து வயதில் ஆடிச் சேமித்த ஓர் ஆள் இன்னும் எந்தக் காட்டிலாவது நின்றுகொண்டிருக்கலாம். டயப்லோவில் பார்த்தோமே, இருபது வருஷம் கழித்தும் முன்னிருப்பு வந்து சேரும். கோப்பு இருந்தால் மட்டும்.

புதியதை வாங்குங்கள், ஆடுங்கள், பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுங்கள். புதுப்பிக்கிறவர்கள் இல்லையென்றால் இந்த விளையாட்டுகளின் பெயரே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. பழைய பேரேட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள் என்கிறேன்.

பட்டியல் எடுக்க வரும் மாணவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடியறைக்கு வரலாம். முகக்கவசம் கொண்டு வாருங்கள், தூசி அதிகம். தேநீர் என் பொறுப்பு.